ஆண்கள் வார்டில் ஒரு மே மாதம்

மே 11, திங்கள்

அக்னி நட்சத்திரம். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. செஞ்சிக் கோட்டைப் பாறைகள் பகலில் வாங்கின சூட்டை ராத்திரி ஊருக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

இன்று முதல் ஜி.ஹெச். ஆண்கள் வார்டு. நர்சிங் கடைசி வருடத்தின் கடைசி போஸ்டிங். இதோடு படிப்பு முடிந்தது. அப்புறம் கவுன்சிலில் பதிவு, கையில் ஒரு நம்பர், பேருக்குப் பின்னால் ஆர்.என். அதற்கப்புறம்? அதுதான் தெரியவில்லை.

வார்டு சிஸ்டர் கலைச்செல்வி. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார்.

"பேரு இன்னா?"

"முரளி, சிஸ்டர்."

"ஆம்பளப் புள்ளைங்க போஸ்டிங் வந்தா எனக்கு நிம்மதி. தூக்கறது பொரட்டறது எல்லாம் உன் தலைல கட்டிடுவேன்."

கட்டினார். உட்காரவே விடவில்லை. படுக்கை விரிப்பு, பி.பி., டிரிப் மாற்றுவது, கால் உடைந்தவரைக் குளிப்பாட்டுவது. வல்லம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் விடாமல் "டாக்டர் தம்பி" என்றார். நர்ஸ் என்று திருத்தினேன்.

"நர்சா? ஆம்பள நர்சா? பொம்பளைங்க அல்லாம் எங்க பூட்டாங்க?"

பக்கத்து பெட்டில் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். நாலு வருஷமாக இதே சிரிப்பு. தாடை வலிக்கிறது.

மதியம் டீக்கடை. ஜெகன், தனம், நான். எங்கள் செட்டில் செஞ்சிக்காரர்கள் மூவர்தான். பேச்சு வேறென்ன, அடுத்து என்ன என்பதுதான். பேசியதெல்லாம் தலையில் சுற்றுகிறது, எழுதித் தொலைக்கிறேன்:

எம்.ஆர்.பி. பரீட்சை. அரசு வேலை. முதலில் கான்ட்ராக்ட், பிறகு நிரந்தரம் ஆனால் ஆச்சு. தனம் தீர்மானித்துவிட்டாள். சாம்பார் இட்லி சாப்பிடும்போதும் கேள்வி பதில்.

ஜெர்மனி. மொழி படிக்க வேண்டும். ஜெகன் சேர்ந்துவிட்டான். டீ மாஸ்டருக்கு ஜெர்மனில் வணக்கம் சொல்கிறான். அவர் "சர்க்கர கம்மியா?" என்கிறார்.

வளைகுடா. அனுபவம் கேட்பார்கள். அதாவது சென்னையில் ஏதோ ஒரு ஐ.சி.யூ.வில் முதலில் குப்பை கொட்ட வேண்டும்.

எம்.எஸ்சி. படித்து காலேஜில் டியூட்டர். என் குரலுக்கு எவன் அடங்குவான்.

மெடிக்கல் கோடிங். சென்னை, ஏ.சி., கம்ப்யூட்டர். எந்த ஊர்க்காரருக்கோ வந்த வியாதிக்கு நம்பர் போடுகிற வேலை. ஆளைத் தொட வேண்டாம், துடைக்க வேண்டாம், ஆம்பள நர்சா என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

கடைசியில் சொன்னதுக்கு ஆன்லைன் டெஸ்ட் எழுதி பாஸ் ஆகிவிட்டேன். வருகிற திங்களுக்குள் "சேர்கிறேன்" என்று மெயில் போட வேண்டும். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. தனம் காதில் விழுந்தால் செருப்பைக் கழற்றுவாள்.

மே 12, செவ்வாய்

நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். திண்டிவனம் ரோட்டில் கடை. எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது. மே மாதம் கிணறு வற்றும், மோட்டார் எரியும், நைனாவுக்கு நிமிர நேரமிருக்காது.

டிபன் கேரியரைத் திறப்பதற்குள் கடைக்குப் பின்னால் போனார். வந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மறுபடி போனார். வர ரொம்ப நேரம். முகம் சுண்டிக் கிடந்தது.

"இன்னா நைனா?"

"சூடு."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் நானும் அவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அபூர்வம். "அவன் சாப்டானான்னு கேளு." "உங்க நைனா வண்டி சாவியக் கேக்குறாரு." அம்மாதான் நடுவில் போஸ்ட் ஆபீஸ். சண்டை ஒன்றும் கிடையாது. மீசை முளைத்ததிலிருந்து இப்படி ஆகிவிட்டது. ஜெகன் வீட்டிலும் இதே கதைதான்.

சாயங்காலம் அம்மா அவர் கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். நுங்கு வாங்கிவரச் சொன்னாள். பார்லி காய்ச்சினாள்.

"நர்சு படிக்கிறியே, நீ இன்னா சொல்ற?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஜெகன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி நெறய குடிக்கச் சொல்லும்மா."

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மே 14, வியாழன்

ஏதோ ஒரு கடுகடுப்பு நாள் முழுக்க. காரணம் இல்லை. கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ஓய்வு அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போனை எடுக்கிறேன், அந்த மெயிலைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

வார்டில் புதிதாக ஒரு அட்மிஷன். அவலூர்பேட்டைக்காரர், கத்தரி வியாபாரம். விவரம் கேட்டு எழுதச் சொன்னார் சிஸ்டர். கேட்டேன். ஒண்ணுக்கு சீராப் போவுதா? முக்கணுமா? போயிட்டு வந்தும் இன்னும் இருக்கற மாதிரி இருக்குதா? ராத்திரி எழுந்திரிக்கிறீங்களா? அவர் முதலில் நெளிந்தார், பிறகு எல்லாம் கொட்டினார்.

சிஸ்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ கேக்கற விதத்துல அவரே கூச்சம் வுட்டுட்டாரு பாத்தியா. பொம்பளைங்க நாங்க கேட்டா வாயே தொறக்க மாட்டாங்க."

சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரம்தான். கை கழுவும்போது பொறி தட்டியது. கடைக்குப் பின்னால் போய் வர அவ்வளவு நேரம், திரும்பத் திரும்பப் போவது, சுண்டின முகம். நைனாவுக்கு வயசு ஐம்பத்தெட்டு. அது சூடு இல்லை. புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்துக்கொண்டு வருகிறது. பரீட்சைக்கு நான் உருப்போட்ட பாடம், பக்கத்தோடு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் போய்த் தண்ணி நெறய குடி என்று யோசனை சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இன்றைக்குக் கேட்டே தீருவது என்று வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட்டு முடித்து டி.வி. முன்னால். அம்மா அடுப்படியில். நல்ல சமயம். எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு மோட்டார் நெறய வந்துதா?"

"ம்."

"சரி."

வந்து படுத்துவிட்டேன். காலையில் முன்பின் தெரியாத ஒரு மனுஷனிடம் அத்தனையும் கேட்ட வாய். தூ.

மே 15, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன், நைனாவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு என்று. அவள் போய்ச் சொன்னாள். பதில் வந்தது: "சீசன் முடியட்டும்னாரு. நுங்குக்குக் கேக்குதாம், பரவாலயாம்." தண்ணியைக் குறைக்கச் சொல் என்றேன். "அன்னிக்கு நெறயன்ன, இன்னிக்குக் கொறன்ற. படிச்சியா, பரீட்சைல காப்பி அடிச்சியா?" என்று கரண்டியோடு திரும்பினாள்.

நானே நேராகப் போய் நைனாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னென்று சொல்வது?

சிஸ்டர் கேட்டார்: "முடிச்சிட்டு இன்னா பண்ணப்போற?"

"எம்.ஆர்.பி., சிஸ்டர்." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

நாளைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் எல்லாம் இன்றைக்கே வரிசை கட்டியாயிற்று. அங்கே மருத்துவ முகாம். வார்டின் ஒரே ஆண் நர்ஸ் சகாயம் அண்ணன் முகாமுக்குப் போகிறார். ஜெகன், தனம் இரண்டு பேருக்கும் அங்கேதான் டியூட்டி. நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன். கூட்டம், சத்தம், பொரிகடலை, இங்கே இருப்பதைவிட எதுவும் தேவலை.

"நீ இங்கதான். ஆம்பள ஆளு ஒருத்தராவது வேணும் எனக்கு," என்றார் சிஸ்டர்.

மெயில் எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. திங்கள் வரை நேரம் இருக்கிறதே.

மே 16, சனி. அமாவாசை

கை இப்போதுதான் எழுத வருகிறது.

காலையில் நான் கிளம்பும்போது நைனா கடைக்குப் போகவில்லை. படுத்திருந்தார். விரதம், அதனால் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எப்படித்தான் நினைத்தேனோ.

பதினோரு மணி வாக்கில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா முதலில் இறங்கினாள். நைனா இரண்டாக மடிந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு. வேட்டி முழுக்க வியர்வை.

"காலைலேர்ந்து ஒரு சொட்டு வரலடா. நீ தண்ணி குடிக்கச் சொன்னதுலேர்ந்து சொம்பு சொம்பா குடிச்சாரு. கொறைன்னு சொல்லியும் கேக்கல. மொதல்ல சொன்னதுதான் கரெக்டு, புள்ள படிச்சவன்னாரு."

அந்த வார்த்தை இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

டாக்டர் வயிற்றைத் தொட்டார். தொட வேண்டியதே இல்லை, தொப்புள் வரை மேடாகத் தெரிந்தது. "பிளாடர் ஃபுல்லு. உடனே கதீட்டர் போடுங்க," என்று எழுதினார். அதற்குள் மலையனூர் ரோட்டில் வேன் கவிழ்ந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அங்கே ஓடினார்.

கதீட்டர் என்றால் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிற மெல்லிய டியூப். ஆண்களுக்கு இந்த வார்டில் சகாயம் அண்ணன்தான் போடுவார். அண்ணன் முகாமில்.

சிஸ்டர் நைனா பக்கத்தில் போனார். "நான் போடட்டுங்களா? எங்களுக்கு இதான வேல, கூச்சப்படாதீங்க."

"பொம்பள கிட்டயா? வேணாம்மா. நான் வூட்டுக்கே போறன்." எழுந்திரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப முரளி போடட்டும். என் எதிர்லயே போட்டிருக்கான். நல்லா போடுவான். நான் தலமாட்ல நிக்கறேன்."

"அவன் என் புள்ளம்மா."

"புள்ளன்னா இன்னா?"

"நான் செத்தா குளிப்பாட்டட்டும். உசுரோட இருக்கசொல்ல வேணாம்."

வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. வல்லத்துப் பெரியவர் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கடிதம் கொண்டுபோக அவளுக்கும் வழி தெரியவில்லை.

எனக்கு ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். பஸ் ஏறி எங்காவது. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்குச் சிறுநீர் அடைப்பு என்று ஒரு நம்பர் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விடலாம்.

சிஸ்டர் டிரேயில் சாமான் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

கை கழுவினேன். வழக்கத்தைவிட ரொம்ப நேரம். கிளவுஸ் போட்டேன். திரையை இழுத்துவிட்டேன். நைனா முகத்தைப் பார்த்தேன். கடைசியில் எல்லா பேஷண்டிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"ஐயா, என் பேரு முரளி. இன்னைக்கு நான்தான் டியூட்டி. ஒரு டியூப் போடப்போறேன். மொதல்ல சில்லுன்னு இருக்கும், அப்புறம் லேசா எரியும். அவ்ளோதான். காலக் கொஞ்சம் அகட்டி வெச்சிக்கங்க, ஐயா."

திரைக்கு அந்தப் பக்கம் அம்மா: "அடப்பாவி, நைனாவ ஐயான்றான்!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வேட்டி முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

அதற்கப்புறம் எல்லாம் கை தானாகச் செய்தது. மருந்து வைத்துத் துடைத்தது, மரத்துப்போகிற ஜெல்லி, அது வேலை செய்யும்வரை காத்திருந்தது. பாதியில் டியூப் தட்டியது. அழுத்தக் கூடாது. நிறுத்தினேன். "ஐயா, மூச்ச நல்லா இழுத்து வுடுங்க. அப்டித்தான். இன்னொரு வாட்டி." விட்டார். வழி கொடுத்தது. டியூப்பில் மாட்டின பைக்குள் சிறுநீர் இறங்க ஆரம்பித்தது, இறங்கிக்கொண்டே இருந்தது.

"முருகா," என்றார் நைனா. மூடின கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர்.

சிஸ்டர் அவ்வளவு நேரமும் தலைமாட்டில் நின்று, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டு, துணி அடுக்குகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றாக அழுதேன்.

மே 17, ஞாயிறு

டியூப் இருக்கிறது, பை இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பையின் மேல் துண்டு. நான் உள்ளே போனால் தூங்குகிற மாதிரி மூச்சு விடுகிறார். பையைக் காலி செய்ய என்னை விடவில்லை. அவரே தடுமாறித் தடுமாறிச் செய்கிறார். நான் வாசலில் நின்று அம்மாவுக்குச் சொல்ல, அம்மா உள்ளே போய்ச் சொல்கிறாள்.

"பைய இடுப்புக்குக் கீழயே வெச்சிக்கணுமாம்."

"தெரியும்னு சொல்லு."

பழையபடி போஸ்ட் ஆபீஸ் திறந்துவிட்டது. முன்னாலாவது முகம் பார்ப்பார். இப்போது அதுவும் இல்லை. சரியாகத்தானே செய்தேன்? சரியாகச் செய்ததற்கு இதுவா?

மதியம் கறி எடுக்கவில்லை. அம்மா ரசம் வைத்தாள், உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

மே 18, திங்கள்

மெயில். காலையிலிருந்து எத்தனை தடவை திறந்தேனோ. சாயங்காலம் அனுப்பினேன். சேர விருப்பமில்லை என்று.

தியாகம், சேவை, ஒரு மண்ணும் கிடையாது. சனிக்கிழமை அந்தத் திரைக்குள் என் கால் பரபரக்கவில்லை. மாசக்கணக்கில் முதல் தடவை. காலேஜிலும் டீக்கடையிலும் வீட்டிலும் நான் வேறெங்கோ இருக்க வேண்டியவன் மாதிரியே இருக்கிறது. திரைக்குள் அப்படி இல்லை. வேறு காரணம் இருந்தால் பிறகு எழுதுகிறேன்.

ஜெகனிடம் எல்லாம் சொன்னேன். "லூசாடா நீ? ஏ.சி. ரூம்டா மச்சான்!" தனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கிட்ட மறச்சி டெஸ்ட் வேற எழுதுனியா?" செருப்பைக் கழற்றவில்லை. தன் எம்.ஆர்.பி. கேள்வி பதில் புத்தகத்தில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

இரண்டு பக்கம் படித்தேன். மூடி வைத்தேன். ஜெர்மனிக்கே போகலாமோ? அங்கே குளிராவது இருக்கும். ஒன்றும் நிச்சயமில்லை. ஒன்றை வேண்டாமென்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மே 20, புதன்

விழுப்புரம். அமாவாசைக் கூட்டம் வடிந்து பஸ் காலி. நைனா ஜன்னல் சீட், பை லுங்கிக்குள். நான் அடுத்த சீட். செஞ்சியிலிருந்து விழுப்புரம் வரை அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் சின்ன வயசு. மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முக்கணுமா, விட்டு விட்டு வருதா, எரிச்சல் உண்டா. நான் அன்றைக்குக் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசை. நைனா ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார்.

"எத்தன நாளா?"

"ஆறு மாசமா, சார்."

ஸ்கேன் பேப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஆறு மாசம். பொங்கலுக்கு முன்னாலிருந்து. எனக்கு அப்போது இந்தப் பாடத்தில் இன்டர்னல் பரீட்சை, நல்ல மார்க்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் டியூப்பை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாகப் போனால் நல்லது, இல்லையென்றால் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

திரும்பும்போது டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குடித்தார். டம்ளரை என்னிடம் கொடுக்காமல் அவரே கொண்டுபோய் வைத்தார்.

மே 22, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது. புழுக்கம் இன்னும் மோசம்.

நைனா நேற்றிலிருந்து கடைக்குப் போகிறார். வேண்டாம் என்று அம்மா கத்திப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து காயில்தானே கட்டப்போகிறேன் என்றாராம்.

டியூட்டி முடிந்து வெளியே வந்தேன். போன். நைனா நம்பர். அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை, அம்மா போனிலிருந்து அம்மாதான் செய்வாள். பயந்துவிட்டேன். டியூப் கழன்றுவிட்டதா, ரத்தமா?

"கடைக்கு வா."

வைத்துவிட்டார். சைக்கிளை மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும்.

போனால் நைனா நன்றாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் பழைய மோட்டார் மேல் இன்னொருவர். மேலச்சேரிக்காரர், கேணி மோட்டார் கொண்டுவருகிற பழைய வாடிக்கை, நைனாவுக்குச் சேக்காளி. தோள் துண்டை மடியில் போட்டு, அதை முறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இல்ல, நான் அப்புறமா வரன். கரண்டு வந்துருக்கும், தண்ணி பாச்சணும்."

"உக்காருய்யா." நைனா அதட்டினார். "இன்னா கூச்சம்? எனக்கு இவன்தான் டியூப் போட்டான்."

லுங்கியைத் தூக்கிப் பையைக் காட்டினார். நடு ரோட்டைப் பார்த்த கடையில், பட்டப்பகலில். அந்த மனுஷன் உட்கார்ந்துவிட்டார்.

நைனா என் பக்கம் திரும்பினார். சனிக்கிழமைக்கப்புறம் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார்.

"என்னத்தான் கேக்காம வுட்ட. இவரயாவது கேளு."

காயில் கம்பிச் சுருளை நகர்த்திவிட்டு, மேலச்சேரிக்காரர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஐயா, எத்தன நாளா இருக்குது?"